வாசல் திறந்தது, பாடம் ஏறியதா?
இந்தோனேசியப் பள்ளிக்கூடங்களின் நூற்றாண்டு வரலாறு நமக்குச் சொல்வது



ஆண்டுதோறும் நமது பொதுக்குழு கூடும்போது கல்வி நிதியைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. மஹல்லாவிற்கென்று சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்பார் சிலர். கட்டடம் எதற்கு, ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தைச் செலுத்திவிட்டாலே போதும் என்பார் வேறு சிலர். நல்ல சம்பளம் கொடுத்து ஆசிரியர்களை வைத்தால் மற்றவை தாமே சரியாகிவிடும் என்பது இன்னும் சிலரது கருத்து. மூன்றும் நல்ல நோக்கத்தில் பிறந்த கருத்துகளே. ஆனால் நம்மிடமுள்ள பணம் அளவானது. சந்தாவாகவும் நன்கொடையாகவும் சேர்ந்த அமானிதம் அது. அதனை எவ்வழியில் செலவிட்டால் பிள்ளைகளுக்குக் கல்வி மெய்யாகவே போய்ச்சேரும் என்று ஆராய்ந்து பார்ப்பது நம் அனைவர்மீதும் கடமையாகும்.

இம்மூன்று வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, நாடு தழுவிய அளவில் முயன்று பார்த்த நாடு ஒன்று உண்டு. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் முன்னிலையில் நிற்கும் இந்தோனேசியாவே அது. அங்கு எடுக்கப்பட்ட முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் பொருளாதார அறிஞர்கள் பல்லாண்டுகளாக அளந்து எழுதியிருக்கிறார்கள். எனவே ஊகங்களை விட்டு, நடந்தவற்றைக் கொண்டே நாம் பேச முடிகிறது.

இந்தோனேசியா நம் முன்னோர்க்கு அயலான தேசமும் அன்று. சோழமண்டலக் கரையின் மரக்காயர்கள் சுமத்ராவின் ஆச்சே துறைமுகத்தோடு நெடுங்காலம் துணி வாணிகம் செய்தவர்கள். அதே சுமத்ராவின் மேதான் நகரில் தென்னிந்தியர் குடியேறிய பகுதி இன்று ‘கம்போங் மெட்ராஸ்’ என்றே வழங்கப்படுகிறது. அங்கே தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும் உள்ளது. அத்தேசத்தின் கல்விக் கதையைச் சற்றே விரிவாகக் காண்போம்.

டச்சுக்காரர் காலத்து இருவகைப் பள்ளிகள்

இந்தோனேசியத் தீவுகள் டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்தபோது பல தலைமுறைகளாகப் பொதுமக்களின் கல்வியைப் பற்றி அரசு கவலைப்படவில்லை. தீவுகளின் காப்பியும் கரும்பும் ஹாலந்தின் கருவூலத்தை நிறைத்தன. மக்களோ பெசந்திரன் எனப்படும் மதரஸாக்களில் மார்க்கக் கல்வியை மட்டும் கற்றுவந்தனர். 1901ஆம் ஆண்டில்தான், தம் ஆட்சிக்குட்பட்ட மக்களுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை டச்சு அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு புதிய கொள்கை ஒன்றை அறிவித்தது.

அதன் விளைவாக 1907ஆம் ஆண்டு முதல் கிராமப் பள்ளிகள் தோன்றின. அவற்றில் மூன்றே வகுப்புகள். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் மட்டும் கற்பிக்கப்பட்டது. அந்தப் பள்ளிகளுக்கான செலவில் பெரும்பங்கைக் கிராமத்தாரே ஏற்கவேண்டும் என்பது விதி. கட்டடத்தை ஊரார் எழுப்பவேண்டும். பிள்ளைகள் சிறுதொகை கட்டணமும் தரவேண்டும். கல்வி யாருக்குத் தேவையோ அவர்களே அதன் விலையைக் கொடுக்கட்டும் என்பது அரசின் கணக்கு. இக்கணக்கில் ஒரு பெரும் குறை இருந்தது. வசதியுள்ள ஊர்களில் பள்ளி எழுந்தது. பசித்த ஊர்களில் எழவில்லை. எங்கே கல்வி மிகமிகத் தேவையோ அங்கேதான் அதற்கான பணம் மிகக் குறைவாக இருந்தது.

மறுபுறம் 1914ஆம் ஆண்டில் உள்நாட்டவருக்கென்றே டச்சு மொழிவழிப் பள்ளிகள் நிறுவப்பட்டன. அங்கே ஏழாண்டுப் படிப்பு. அதனை முடித்தவர்களுக்கே மேற்படிப்பும் அரசு உத்தியோகமும் கிட்டின. ஆனால் அவ்வகுப்பறையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், பிரபுக்கள், செல்வர்கள் ஆகியோரின் பிள்ளைகளே. சுவரோ காவலாளியோ வேண்டியிருக்கவில்லை. மொழியும் கட்டணமுமே வேலியாக நின்றன. தரம் ஒரு பக்கம், வாய்ப்பு மற்றொரு பக்கம் என்று கல்வி இரண்டாகப் பிளந்து நின்ற காலம் அது. 1930ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த உள்நாட்டவர் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர்.

ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கிய முயற்சி

இந்நிலையில் யோக்யகர்த்தா நகரின் கவுமான் பகுதியைச் சேர்ந்த அஹ்மத் தஹ்லான் என்ற மார்க்க அறிஞர் ஒரு காரியம் செய்தார். 1911ஆம் ஆண்டில் தம் வீட்டிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதில் மார்க்கப் பாடத்தோடு பொதுப் பாடங்களும் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமராமல் பலகையில் அமர்ந்தார்கள். முன்னே மேசையும் கரும்பலகையும் இருந்தன. இது அந்நியரின் முறை என்று ஊரில் பலர் கண்டித்தார்கள். அவரைக் கடுஞ்சொற்களால் ஏசியவர்களும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. மறு ஆண்டு, 1912இல் அவர் நிறுவிய முஹம்மதிய்யா இயக்கம் இன்று ஆயிரக்கணக்கான பள்ளிகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்களையும் நடத்திவருகிறது. 1926இல் தோன்றிய நஹ்தத்துல் உலமா அமைப்பும் தன் வழியில் பெசந்திரன்களையும் மதரஸாக்களையும் வளர்த்தது.

அரசு கைவிட்ட இடத்தில் மக்கள் தாமாகவே முன்வந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இவ்வியக்கங்கள் சான்று. ஆனால் மக்கள் முயற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. சிறு காணிக்கைகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான தீவுகளிலும் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கை தந்துவிட இயலாது. அதற்கு அரசின் கருவூலம் திறக்கவேண்டியிருந்தது.

எண்ணெய்ப் பணமும் 61,807 பள்ளிகளும்

1945ஆம் ஆண்டில் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. கல்வி பெறுவது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று அதன் அரசியல் சட்டம் எழுதியது. எனினும் எழுத்தில் இருந்த உரிமை நடப்பில் வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1973ஆம் ஆண்டிலும் 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 100 பேரில் 69 பேரே பள்ளியில் இருந்தனர்.

அவ்வாண்டின் இறுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. எண்ணெய் ஏற்றுமதி நாடான இந்தோனேசியாவின் கருவூலம் நிறைந்தது. இத்தகைய திடீர்ச் செல்வத்தை ஆடம்பரத்தில் கரைத்த நாடுகள் பல. அதிபர் சுஹார்த்தோவின் ஆட்சியின்மீது அடக்குமுறை, ஊழல் முதலிய கடுமையான குற்றச்சாட்டுகள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அப்பணத்தில் ஒரு பகுதி தொடக்கப் பள்ளிகளாக மாறியது என்பதும் வரலாறே.

‘இன்பிரெஸ்’, அதாவது ‘அதிபரின் ஆணை’ என்னும் சொல்லின் சுருக்கமே அத்திட்டத்தின் பெயராயிற்று. 1973-74 முதல் 1978-79 வரையிலான ஆறு நிதியாண்டுகளில் 61,807 தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. சராசரியாகப் பார்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 28 பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியும் 3 ஆசிரியர்களையும் 120 மாணவர்களையும் கருத்தில் கொண்டு எளிமையாக அமைக்கப்பட்டது. பள்ளியைக் கட்டியதோடு ஆசிரியர்களையும் பயிற்றுவித்து அரசே அமர்த்தியது. 1978ஆம் ஆண்டளவில் தொடக்கப் பள்ளிக் கட்டணமும் நீக்கப்பட்டது.

இத்திட்டத்தில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது பங்கீட்டு முறையாகும். 1972ஆம் ஆண்டில் எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தார்களோ, அந்த எண்ணிக்கைக்கு ஏற்பவே பள்ளிகள் ஒதுக்கப்பட்டன. செல்வாக்குள்ளவர் கேட்டார் என்பதற்காகவோ, நிலம் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகவோ ஒதுக்குவது விதியாக இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் டச்சுக் கணக்கு இங்கே தலைகீழாக மாற்றப்பட்டது. பணமுள்ள ஊருக்குப் பள்ளி என்ற நிலை மாறி, பள்ளியில்லாப் பிள்ளைகள் மிகுந்த ஊருக்குப் பள்ளி என்ற நிலை வந்தது. 1978ஆம் ஆண்டில் பள்ளியில் இருந்த பிள்ளைகளின் விகிதம் நூற்றுக்கு 83 ஆக உயர்ந்தது. 1984இல் ஆறாண்டுக் கட்டாயக் கல்வியும், 1994இல் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வியும் அறிவிக்கப்பட்டன.

செலவு வீணாகவில்லை என்பதற்கு ஆதாரம்

பள்ளி கட்டியதால் பிள்ளைகள் வந்தார்கள் என்பது சரி. அவர்களின் வாழ்க்கை உயர்ந்ததா? இக்கேள்விக்கு விடை தேடியவர் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ. பின்னாளில், 2019ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசை அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். 2001ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வு, கல்விப் பொருளாதாரத்தில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்றாகும்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. 1974ஆம் ஆண்டில் 2 முதல் 6 வயது வரை இருந்த சிறுவர்கள் புதிய பள்ளிகளின் பயனை முழுமையாகப் பெற்றவர்கள். அப்போதே 12 வயதைத் தாண்டியவர்களோ தொடக்கப் பள்ளி வயதைக் கடந்துவிட்டவர்கள். பள்ளிகள் மிகுதியாகக் கட்டப்பட்ட மாவட்டங்களிலும் குறைவாகக் கட்டப்பட்ட மாவட்டங்களிலும் இவ்விரு வயதினரிடையே உள்ள வேறுபாட்டை அவர் ஒப்பிட்டார். அச்சிறுவர்கள் வளர்ந்து உழைக்கும் ஆண்களாகிவிட்ட 1995ஆம் ஆண்டின் விவரங்களைக் கொண்டு கணக்கிட்டார்.

விடை தெளிவாக இருந்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்ற கணக்கில் கட்டப்பட்ட ஒவ்வொரு பள்ளியும் அப்பிள்ளைகளின் படிப்பைச் சராசரியாக 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூட்டியது. அவர்களின் கூலியை நூற்றுக்கு 1.5 முதல் 2.7 வரை உயர்த்தியது. வேறு விதமாகச் சொன்னால், ஒருவர் ஓராண்டு கூடுதலாகப் படித்தால் அவரது வருமானம் ஏறத்தாழ நூற்றுக்கு 7 முதல் 10 வரை உயர்கிறது. அவ்வுயர்வு அவர் உழைக்கும் காலமெல்லாம் தொடர்கிறது. பிற்காலத்து ஆய்வுகளோ இன்னும் ஒரு படி சென்று, அப்பள்ளிகளில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும், சிறப்பாகத் தாய் படித்த வீட்டின் பிள்ளைகளுக்கும், அந்த நன்மை நீண்டதைக் காட்டியுள்ளன.

பெண்மக்களின் கல்வியும் ஒரு திருமண வழக்கமும்

இத்திட்டம் பெண்மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டார்கள். 2020ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, புதிய பள்ளிகளால் பெண்களின் கல்வி எல்லா இனத்தாரிடையேயும் ஒரே அளவில் உயரவில்லை. மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குப் பொருள் கொடுக்கும் பழைய வழக்கமுடைய இனங்களில் பெண்களின் படிப்பு உயர்ந்தது. அவ்வழக்கம் இல்லாத இனங்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. படித்த பெண்ணுக்கு அப்பொருள் கூடுதலாகக் கிடைத்தமையால், மகளைப் படிக்க வைக்கும் செலவு பெற்றோருக்குப் பாரமாகத் தோன்றவில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அது இனக்குழு வழக்கமே தவிர மார்க்கம் விதித்த மஹர் அன்று என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பெண்ணின் திருமணத்தைப் பணக் கணக்காக்குவதை நாம் ஆதரிக்கவும் இல்லை. எனினும் இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பள்ளியின் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. வீட்டிற்குள் நடக்கும் கணக்கும் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது. மகளின் திருமணத்திற்கு நகையும் கைக்கூலியும் சேர்க்கவேண்டும் என்ற அச்சம் ஒரு தந்தையை வாட்டும்போது, அவர் முதலில் குறைப்பது எந்தச் செலவை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

மதரஸாக்கள் என்ன ஆயின?

அரசுப் பள்ளிகள் பெருகியதும் மதரஸாக்கள் அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அங்கும் இருந்தார்கள். 1975ஆம் ஆண்டில் மூன்று அமைச்சர்கள் கூட்டாக ஓர் ஆணை பிறப்பித்தார்கள். மதரஸாவின் பாடத்திட்டத்தில் நூற்றுக்கு 70 பங்கு பொதுப் பாடங்களும் 30 பங்கு மார்க்கப் பாடங்களும் இருக்குமானால், அதன் சான்றிதழ் அரசுப் பள்ளியின் சான்றிதழுக்கு இணையாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். மதரஸாவில் படித்த பிள்ளை பொதுப் பள்ளியில் சேரவும் மேற்படிப்புக்குச் செல்லவும் வழி பிறந்தது. மதரஸாக்கள் அழியவில்லை, பெருகின. தொடக்கப் பள்ளி முடித்த பிள்ளைகள் மிகுந்ததால் மேல்வகுப்பு மதரஸாக்களின் தேவையும் கூடிற்று. 2005ஆம் ஆண்டில் எரிபொருள் மானியத்தைக் குறைத்து மிச்சமான பணத்திலிருந்து, மாணவர் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிகளுக்கு நிதி வழங்கும் திட்டம் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளோடு தனியார் பள்ளிகளும் மதரஸாக்களும் அதில் சேர்க்கப்பட்டன.

இருமடங்குச் சம்பளமும் எதிர்பாராத விடையும்

இதுவரை கண்டது வாய்ப்பின் வரலாறு. இனிக் காணப்போவது தரத்தின் வரலாறு. இங்கேதான் கதை திரும்புகிறது.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கற்றது போதவில்லை என்ற குறை 2000ஆம் ஆண்டையொட்டி வலுத்தது. 2002ஆம் ஆண்டில் அரசியல் சட்டமே திருத்தப்பட்டு, அரசின் வரவுசெலவில் நூற்றுக்கு 20 பங்கு கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் ஆசிரியர் சட்டம் வந்தது. தகுதிச் சான்று பெறும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவரது அடிப்படைச் சம்பளத்திற்கு நிகரான தொகை மாதந்தோறும் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது அடிப்படைச் சம்பளம் இருமடங்காகும். பிற தொழில்களில் அலைந்து திரிந்த ஆசிரியர்கள் மனநிறைவோடு வகுப்பறையில் நிற்பார்கள், பாடம் சிறக்கும் என்பது எதிர்பார்ப்பு.

இதனைச் சோதிக்க 360 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 120 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இக்கூடுதல் சம்பளம் முன்னதாகவே கிடைக்க வழி செய்யப்பட்டது. மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டபோது அந்த ஆசிரியர்களின் மனநிறைவு கூடியிருந்தது; பணக்கவலை குறைந்திருந்தது; வெளிவேலை பார்ப்பதும் குறைந்திருந்தது. ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மாணவர்களைத் தேர்வு வைத்துப் பார்த்தபோது, கற்றலில் எந்த முன்னேற்றமும் இல்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு பலரைத் திகைக்க வைத்தது.

இதனால் ஆசிரியருக்கு நல்ல சம்பளம் வேண்டாம் என்று நாம் பொருள் கொண்டுவிடக் கூடாது. பசித்த வயிற்றோடு பாடம் நடத்தும்படி யாரையும் கேட்க நமக்கு உரிமையில்லை. நல்ல சம்பளம் வருங்காலத்தில் திறமையான இளைஞர்களை இத்தொழிலுக்கு ஈர்க்கவும் கூடும். ஆயினும் ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கு, பிள்ளைகள் கற்றார்களா என்ற கேள்வி எதனோடும் இணைக்காமல் கொடுக்கப்பட்ட பணம், பிள்ளைகளின் கற்றலை மாற்றவில்லை என்பதே ஆய்வின் செய்தி.

இன்னொரு ஆய்வு மேலும் வருந்தத்தக்க செய்தியைத் தந்தது. 2000 முதல் 2014 வரை பள்ளியில் சேர்ந்தோர் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போன அதே காலத்தில், எளிய கணக்குகளைப் போடும் ஆற்றல் பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. 15 வயது மாணவர்களைப் பன்னாட்டளவில் சோதிக்கும் ‘பிசா’ தேர்வில், 2022ஆம் ஆண்டில் இந்தோனேசிய மாணவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 25 பேரே வாசிப்பில் அடிப்படைத் தகுதியை எட்டினர். கணிதத்தில் 18 பேரே எட்டினர். கட்டடம் இருந்தது, கட்டணம் இல்லை, சம்பளமும் உயர்ந்தது. ஆனாலும் பாடம் ஏறவில்லை.

பின் எதுதான் பலன் தந்தது?

மத்திய ஜாவாவிலும் யோக்யகர்த்தாவிலும் 520 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த வேறோர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. ஜமாஅத் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் இதனைக் கவனத்தோடு படிக்க வேண்டுகிறோம்.

அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோரும் ஊராரும் கொண்ட பள்ளிக் குழு உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பெயரளவிலேயே இருந்தது. அக்குழுக்களுக்கு உயிரூட்ட நான்கு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. சில குழுக்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. சிலவற்றுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. சில ஊர்களில் குழுவினரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கச் செய்தனர். சில ஊர்களில் பள்ளிக் குழுவும் கிராம மன்றமும் ஒன்றாக அமர்ந்து, பள்ளிக்கு என்ன தேவை, யார் எதைச் செய்வது என்று திட்டமிட வைத்தனர்.

2014ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: செலவிட்ட தொகைக்குத் தக்க பலனைப் பிள்ளைகளின் கற்றலில் தந்தவை, கிராம மன்றத்தோடு இணைத்ததும், அவ்விணைப்போடு தேர்தலும் சேர்ந்ததும் ஆகும். பணம் கொடுப்பதும் பயிற்சி அளிப்பதும் மட்டும் அத்தகைய பலனைத் தரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தனித்து நிற்கும் ஒரு தந்தையின் கேள்விக்குப் பள்ளியில் மதிப்பு குறைவு. ஊர் மன்றம் கேட்டால் தலைமையாசிரியர் பதில் சொல்லியாகவேண்டும். அதே மன்றம் ஆசிரியரின் குறைகளையும் காது கொடுத்துக் கேட்டுத் தீர்த்து வைக்கவும் முடியும்.

2016ஆம் ஆண்டிற்குப் பின் தொலைதூரக் கிராமங்களில் நடந்த முயற்சியும் இதனையே உறுதி செய்தது. ஊராரும் ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிக்கொண்ட உடன்படிக்கைப்படி, ஆசிரியரின் பணியை ஊரார் மாதந்தோறும் மதிப்பிட்டார்கள். சில பள்ளிகளில் ஆசிரியரின் வருகை புகைப்படக் கருவியில் பதிவாகி, அவருக்குரிய சிறப்புப் படியும் அதனோடு இணைக்கப்பட்டது. இவை இரண்டும் சேர்ந்த இடங்களில் பிள்ளைகளின் கற்றல் மிகுதியாக முன்னேறியது. இருமடங்குச் சம்பளம் செய்யாததை, ஊராரின் கண்ணும் ஒரு சிறு நிபந்தனையும் செய்தன.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டியவை

இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால் இவ்வாறாகும். பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்த காலத்தில், அவர்கள் இருந்த இடத்திலேயே கட்டடம் எழுப்பியது பெரும்பயன் தந்தது. பிள்ளைகள் உள்ளே வந்துவிட்ட பிறகு கட்டடமும் பணமும் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. பிள்ளை என்ன கற்றது என்று கேட்கும் அதிகாரமுள்ள ஊரார் இருந்த இடத்திலேயே கற்றல் உயர்ந்தது. நோய் எதுவென்று அறிந்து மருந்து கொடுப்பதைப் போன்றதே இது.

நம் மஹல்லாவின் நிலையை இவ்வளவுகோலால் பார்ப்போம். நடந்து செல்லும் தொலைவிலேயே பள்ளி இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் வெளியே நிற்கும் பிள்ளைகள் சிலரே. அச்சிலரைப் பெயர் பெயராகக் கண்டறிந்து, அவர்களைத் தடுப்பது கட்டணமா, வீட்டு வேலையா, நோயா, திருமண அச்சமா என்று அறிவது நம் முதற்பணியாகவேண்டும். கல்வி நிதியின் முதல் உரிமை அவர்களுக்கே உண்டு. 61,807 பள்ளிகளும் பகிரப்பட்டது அந்த நியாயத்தின் அடிப்படையில்தான்.

மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள், ஆனால் கற்கிறார்களா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கழித்தல் கணக்கைப் போடச் சொல்லுங்கள். இதற்குப் பெரும் செலவு ஆவதில்லை. நம் மக்தபில் மாலை நேரத்தில் கூடும் பிள்ளைகளிடமே இதனைச் செய்து பார்க்கலாம். விடை நமக்கு மனநிறைவு தராவிட்டால், நகையை அடகு வைத்துப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு முன், இருக்கும் பள்ளியின் வாசலில் நாம் எத்தனை முறை ஏறினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு வழி வகுத்திருக்கிறது. அக்குழுவில் பெரும்பங்கு பெற்றோருக்கே உரியது. நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் அக்குழுவின் கூட்டத்திற்கு நம்மில் எத்தனை பேர் செல்கிறோம்? ஜாவாவில் கிராம மன்றம் செய்ததை இங்கே நம் ஜமாஅத், ஊரின் மற்றச் சமுதாயத்தாரோடும் ஊராட்சியோடும் இணைந்து செய்யலாம். குற்றம் காணச் செல்லாமல், துணை நிற்கச் செல்வோம். ஆசிரியரின் பெயரையும் பணியையும் மதித்து, பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பணிவோடும் உறுதியோடும் கேட்போம்.

எனவே வரும் பொதுக்குழுவில் கட்டடமா, கட்டணமா, சம்பளமா என்ற பழைய வாதத்தைத் தொடங்குமுன் இரண்டு கேள்விகளை முன்வைக்க வேண்டுகிறோம். நம் மஹல்லாவில் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள் யார் யார்? பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைகள் எந்த அளவு கற்றிருக்கிறார்கள்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தபின் நிதியை எங்கே செலவிடுவது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு பெரிதாக இராது.

தமிழில் தொழும் இடத்தையும் பள்ளி என்கிறோம். படிக்கும் இடத்தையும் பள்ளி என்கிறோம். முன்னதின் வரவு செலவையும் ஒழுங்கையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவரும் நாம், பின்னதையும் அவ்வாறே பார்க்கத் தொடங்குவோமாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் நமக்கு நல்லறிவும் ஒற்றுமையும் தந்தருள்வானாக.